ஸ்டீல்ஹெட்டுக்கு நிம்ப் லீடர்: மூன்று கட்டுகளில் எதைத் தேர்வது?

நிம்ப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கொக்கியில் கட்டி, நீருக்குள் மூழ்க விடும் ஃப்ளை, அதாவது போலிப்பூச்சி) போட்டு ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் கம்புக்கும் ரீலுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். லீடர், அதாவது தடித்த ஃப்ளை லைனுக்கும் நிம்புக்கும் இடையில் கட்டும் மெல்லிய நூல், அந்த விஷயம் வந்ததும் கடையில் கைக்குக் கிடைத்த பாக்கெட்டை எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்புவதே இல்லை. சுமாரான கம்பில் பொருத்தமான லீடர் இருந்தால் மீன் வரும். விலை கூடிய கம்பில் பொருந்தாத லீடரைக் கட்டினால் நிம்ப் தரைப் பக்கமே போகாது. நாள் முழுக்க வெறும் தண்ணீரில் வீசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதை எழுதத் தூண்டியவன் என் சித்தப்பா மகன். தலவாக்கலையில் வளர்ந்தவன், இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் வேலை செய்கிறான். ஒன்டாரியோ ஏரியில் வந்து சேரும் கனராஸ்கா ஆற்றுக்குக் காரில் போய் வருவான். "அண்ணே, இங்க கடையில ஒருத்தர் ஒன்னு சொல்றார், ஆத்துல நிக்கிறவர் வேற சொல்றார். நீங்க ஒன்னைச் சொல்லுங்க, அதையே கட்டிக்கிறேன்" என்று போனில் கேட்டான். ஒன்றைச் சொல்லிவிடலாம். ஏன் அது என்று சொல்லாவிட்டால் ஆறு மாறும்போது மறுபடி தடுமாறுவான். நம் பக்கத்திலும், இலங்கையின் மலைநாட்டில், ஃப்ளை கம்போடு ஓயாக்களில் (சிற்றாறுகளில்) இறங்கும் தம்பிமார் சிலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களையும் நினைத்தே எழுதுகிறேன்.

அங்கத்து ஸ்டீல்ஹெட்டையும் நம் ஓடை மீனையும் ஒன்றாகப் பேச நியாயம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் நம் மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான். ஒன்கோரிங்கஸ் மைக்கிஸ் என்பது இரண்டுக்கும் விஞ்ஞானப் பெயர். ஆற்றில் பொரித்து, கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் உடம்பு வளர்த்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற ரெயின்போவை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்காவும் அதற்குச் சொந்த ஊர். கனடா, அமெரிக்கப் பேரேரிகளில் இருப்பவை 1870களில் இருந்து மனிதர் கொண்டுபோய் விட்ட மீன்களின் வழி வந்தவை. உருவத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நம் ஓடைகளில் எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். ஸ்டீல்ஹெட் இரண்டு முதல் ஐந்து கிலோ வரை சாதாரணமாக இருக்கும், அதற்கு மேலும் போகும். கொக்கி பட்டதும் ஓடுகிற ஓட்டத்தில் ரீலில் இருக்கும் நூல் பாதிக்கு மேல் போய்விடும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம்

ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும். தரையில் கல்லும் மணலும் உரசுவதால் அடிநீர் மெதுவாகப் போகும். மீன் தன் சக்தியை வீணாக்காமல் அந்த மெதுவான அடுக்கில் நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் நடைபாதை ஓரத்துத் தெளிந்த குளங்களை எட்டிப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். கல்லின் முன்னால், கல்லின் பின்னால், தரையோடு ஒட்டிய மாதிரி ட்ரௌட் நிற்கும். (அங்கே பார்ப்பதோடு சரி. அது 1988 முதல் தேசியப் பூங்கா, தூண்டில் போடக்கூடாது.)

குளிர்ந்த தண்ணீரில், அதாவது 4 முதல் 7 பாகை செல்சியஸ் அளவில், ஸ்டீல்ஹெட் ஒரு நிம்புக்காக அதிக தூரம் நகராது. அதன் மூக்கருகே வந்தால் வாயைத் திறக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். ஆகவே லீடர் செய்ய வேண்டிய வேலை இரண்டு. நிம்பைச் சீக்கிரம் கீழே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அடிநீரின் வேகத்திலேயே அதைப் போக விட வேண்டும். மேல்நீர் லீடரைப் பிடித்து இழுத்தால் நிம்ப் அடிநீரை முந்திக்கொண்டு ஓடும், கூடவே மேலேயும் எழும்பும். தண்ணீருக்குள் இருக்கும் நூல் எவ்வளவு தடிப்போ அவ்வளவு இழுவை.

இந்த ஒன்றை மனதில் வைத்தால் மீதி எல்லாம் தானாக வரும். லீடரைப் பற்றி யோசிக்கும்போது நிம்ப் பக்கத்தில் இருந்து மேலே யோசியுங்கள். தண்ணீருக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைக் காற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன வேண்டும் என்று பிறகு பாருங்கள். கடைகளில் விற்கும் லீடர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுச் செய்யப்பட்டவை.

கடை லீடரும் தக்கையும்

ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வரும் 9 அடி லீடரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தடித்த பக்கம் 0.5 மி.மீ.க்கு மேல் இருக்கும், முனை ஸ்டீல்ஹெட்டுக்கு என்றால் 0.25 அல்லது 0.28 மி.மீ. பழைய கணக்கு ஒன்று உண்டு: நீளத்தில் 60 சதவீதம் தடித்த பாகம், 20 சதவீதம் மெலிந்து வரும் பாகம், மிச்சம் 20 சதவீதம் டிப்பெட், அதாவது கொக்கியைக் கட்டும் மெல்லிய முனை நூல். வீச்சின் விசையைப் படிப்படியாகக் கடத்தி, நீர்மேல் மிதக்கும் பூச்சியை மெல்ல இறக்கி வைக்க இந்த அமைப்பு மிக நன்றாக வேலை செய்யும். அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

நிம்புக்குப் பயன்படுத்தும்போது லீடரின் மேல் பாகத்தில் இண்டிகேட்டரை, அதாவது தக்கையை, மாட்டுகிறோம். தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தக்கைக்கும் நிம்புக்கும் இடையில் விட வேண்டும் என்பது பொது விதி. ஐந்து அடி ஆழத்துக்கு ஏழரை அடி. அப்படியானால் லீடரின் தடித்த பாகத்தில் பெரும்பங்கு தண்ணீருக்குள்தான் இருக்கும். அது மெதுவாக இறங்கும், நீரோட்டத்தில் வில் மாதிரி வளையும். அந்த வளைவை நேராக்க ஈயக்குண்டுகளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். வளைவு இருக்கும்வரை மீன் கவ்வியது தக்கைக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் ஸ்டீல்ஹெட் துப்பிவிடும்.

இதற்கும் ஒரு இடம் இருக்கிறது. காலையில் நிம்ப், பின்னேரம் மேல்நீரில் பூச்சி என்று ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பிடிப்பவருக்கு இது வசதி. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத ஆற்றில் இதன் குறை பெரிதாகத் தெரியாது. மற்றபடி ஸ்டீல்ஹெட்டுக்காக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தடித்த பக்கத்தில் இருந்து நாலு அடியில் வெட்டிவிடுங்கள். அடுத்த கட்டுக்கு அதுவே நல்ல அடிப்பாகம்.

செங்குத்துக் கட்டு

வெட்டிய அந்த நாலு அடித் துண்டின் முனையில் ஒரு சிறு வளையம் போடுங்கள். வளையத்துக்குள் ஒரு கற்றைக் கம்பளி நூலைச் செருகி இறுக்குங்கள். அது தக்கை. அதன் அடியில், அதே வளையத்தின் கழுத்தில், 8 அல்லது 10 இறாத்தல் பலமுள்ள டிப்பெட்டை ஒரு கிளிஞ்ச் முடிச்சால் கட்டுங்கள். முடிச்சு முழுவதும் இறுகிப் பிடிக்காமல் கொஞ்சம் சுழன்றால் நல்லது. டிப்பெட் லீடரோடு நேராகப் போகாமல் செங்கோணத்தில் கீழ்நோக்கித் தொங்கும். தக்கையில் இருந்து நிம்ப் வரை ஒரே தடிப்புள்ள மெல்லிய நூல், வேறு ஒன்றும் கிடையாது.

கொத்தனார் சுவரில் பிடிக்கும் தூக்குக்குண்டு போல நிம்ப் நேரே கீழே இறங்கும். மெல்லிய நூல் என்பதால் இழுவை குறைவு, எடையும் குறைத்துப் போடலாம். தக்கை நிம்புக்கு ஏறத்தாழ மேலேயே மிதப்பதால் மீன் தொட்டவுடன் தெரியும். கடை லீடரில் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு விட்ட இடத்தில் இங்கே ஒன்றேகால் மடங்கு போதும்.

பெரிய ஆற்றுக்கு இதைவிட நல்ல கட்டு எனக்குத் தெரியாது. கரையில் இருந்து நாற்பது, ஐம்பது அடி தூரத்தில் ஓடும் நீரில் நிம்பை நீண்ட நேரம் ஒரே ஆழத்தில் ஓட்டிக்கொண்டு போகலாம். இடையில் ஃப்ளை லைனை நீரோட்டம் வரும் பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தக்கைக்குப் பின்னால் லைன் வளைந்து போய்த் தக்கையை இழுக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டின் நன்மை எல்லாம் வீண்.

கட்டுகிறவர்கள் முதல் நாளில் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தக்கை கம்பின் நுனி வளையத்துக்குள் நுழையாது. தக்கைக்குக் கீழே 12 அடி டிப்பெட் விட்டு, கையில் 9 அடிக் கம்பு வைத்திருந்தால், தக்கை நுனியில் வந்து முட்டும்போது மீன் இன்னும் 12 அடி தள்ளி இருக்கும். தனியாக நிற்பவர் வலையில் எடுக்கவே முடியாது, மீனோடு கரைக்குப் பின்வாங்கித்தான் இழுக்க வேண்டும். கம்பின் நீளத்துக்கு மேல் டிப்பெட் விடாதீர்கள். ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் 10, 11 அடிக் கம்பை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழம் மாறும்போதெல்லாம் டிப்பெட்டை வெட்டி மறுபடி கட்ட வேண்டும் என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத பகுதி. உறைகிற குளிரில் விரல் விறைத்திருக்கும்போது அது சாதாரண வேலை கிடையாது. அதனால் பலர் ஓர் ஆழத்துக்குக் கட்டியதையே எல்லாக் குளத்திலும் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதில் மீன் தப்பிவிடும்.

கம்பளி நூலைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் தக்கைக்கென்றே விதவிதமாக விற்கிறார்கள். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். குளிருக்குத் தொப்பி பின்னும் கம்பளி நூலில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒரு முழம் வாங்கினால் வருடக்கணக்கில் போதும். சீப்பால் வாரிப் பிரித்து, கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் சீக்கிரம் நீர் குடிக்காது. சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கும் தக்கை அது. பிளாஸ்டிக் உருண்டை விழும் சத்தத்துக்குச் சிறு குளத்து ட்ரௌட் ஓடிவிடும்.

இறுக்கிப் பிடிக்கும் கட்டு

மூன்றாவதில் தக்கையே இல்லை. போலந்து, செக், பிரெஞ்சு, ஸ்பானியப் போட்டியாளர்கள் வளர்த்த முறை. யூரோ நிம்பிங் என்று பெயர் நின்றுவிட்டது. இதில் ஃப்ளை லைன் ரீலுக்குள்ளேயே கிடக்கும். கம்பின் நுனியில் இருந்து நிம்ப் வரை மெல்லிய தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) மட்டும் நீளமாகப் போகும். கம்பை உயர்த்திப் பிடித்து, லீடரின் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு வெளியே வைத்து, நிம்போடு நேர்த் தொடர்பில் கூடவே நடத்திக்கொண்டு போவதுதான் முறை. மேல்நீருக்குப் பிடித்து இழுக்க டிப்பெட் ஒன்றுதான் கிடைக்கும். இழுவையைக் குறைப்பதில் இதற்கு நிகர் வேறெதுவும் இல்லை.

ஸ்டீல்ஹெட்டுக்கு நான் கட்டும் விதம் இது. 20 இறாத்தல் தங்கூசி 15 அடி. பிறகு 15 இறாத்தல் 2 அடி. அதன் பிறகு 12 இறாத்தலுக்குக் குறையாத, கண்ணில் அடிக்கும் நிறமுள்ள தங்கூசி ஒன்றரை அடி. இதற்கு சைட்டர் என்று பெயர். சைட்டரின் முனையில் ஒரு சின்ன உலோக வளையம். வளையத்தில் இருந்து 8 அல்லது 10 இறாத்தல் ஃப்ளோரோகார்பன் நூல் ஐந்து, ஆறு அடி. மேக்ஸிமா கமிலியன் போன்ற விறைப்பான பழுப்புத் தங்கூசி மேல் பாகத்துக்கு நன்றாக இருக்கும். 20 இறாத்தல் சுமார் 0.43 மி.மீ., தொய்யாமல் நிற்கும்.

தக்கையின் வேலையைச் சைட்டர் செய்கிறது. நீருக்குச் சற்று மேலே அது சாய்ந்து நிற்கும். அதன் கோணத்தைப் பார்த்தே நிம்ப் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று ஊகிக்கலாம். மீன் கவ்வினால் சைட்டர் துள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். கனராஸ்காவில் நானும் ஒருமுறை என் சித்தப்பா மகனோடு நின்றேன். கல்லில் தட்டியதற்கும் மீன் கவ்வியதற்கும் சைட்டரில் வித்தியாசம் காண எனக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தேகம் வந்தாலே கம்பைப் பக்கவாட்டில், நீரோட்டம் போகும் பக்கம் இழுத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் வந்தால் இந்தக் கட்டு பலன் தரும்.

ஆழத்துக்கு ஏற்ப மாற்றுவது இங்கே மிகச் சுலபம். கம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் நிம்ப் மேலே வரும், தாழ்த்தினால் கீழே போகும். ஒரு குளத்தின் தலை, நடு, வால் மூன்றையும் எதையும் வெட்டிக் கட்டாமல் தேடிவிடலாம். செங்குத்துக் கட்டில் எனக்கு இருக்கும் மனக்குறை இதில் இல்லை.

இதன் எல்லை தூரம். கம்பு நீளம், கை நீளம் சேர்த்து இருபது, இருபத்தைந்து அடிக்கு அப்பால் லீடர் தன் எடையாலேயே தொய்ந்து நிம்பைக் கால் பக்கம் இழுக்கும். காற்று அடித்தால் இன்னும் மோசம். அகலமான ஆற்றில் மீன் நடுவில் நின்றால் இது எட்டாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீனுக்குப் பக்கத்தில் போக முடிகிற ஆறுகளுக்கே இது பொருந்தும். ஒன்டாரியோ ஏரியில் விழும் ஆறுகளில் பல அப்படிப்பட்டவை.

வாங்கும்போது ஏமாந்து போகும் இடமும் இதில் உண்டு. யூரோ லீடர் என்று பாக்கெட்டில் வருபவற்றில் பெரும்பாலானவை சிறு ட்ரௌட்டுக்குச் செய்தவை. சைட்டர் 0.20 அல்லது 0.25 மி.மீ. தான் இருக்கும். அதன் கீழே 10 இறாத்தல் டிப்பெட்டைக் கட்டினால் மீன் இழுக்கும்போது முதலில் அறுவது சைட்டர். மீனும் போகும், லீடரில் பாதியும் போகும், அறுந்த நீள நூலை வாயில் கட்டிக்கொண்டு மீன் ஆற்றில் திரியும். எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, மேலிருந்து கீழே வர வரப் பலம் குறைய வேண்டும். நிம்புக்குப் பக்கத்து நூலே எல்லாவற்றிலும் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் கம்பின் வளையங்கள். 20 அடிக்கு மேல் போகும் லீடர் என்றால் ஃப்ளை லைனும் லீடரும் சேரும் இடம் கம்புக்குள்ளேயே வந்து போகும். மீன் ஓடும்போது அந்த இணைப்பு ஒவ்வொரு வளையத்தையும் தாண்ட வேண்டும். நூல் கண்ணிக்குள் கண்ணி கோர்க்கும் இணைப்பு அங்கே தட்டும். நெயில் முடிச்சு போட்டு, வெட்டிய முனையில் ஒரு துளி பசை வைத்து மழுக்கிவிடுங்கள்.

எடை எங்கே?

இந்தக் கேள்வி லீடர் எது என்பதற்குச் சமமான முக்கியம். எடையை நிம்புக்குள் வைக்கலாம், அல்லது நூலில் ஈயக்குண்டாக வைக்கலாம். நிம்பின் தலையில் டங்ஸ்டன் மணி வைத்துக் கட்டுவது எனக்குப் பிடிக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3, அதே அளவு மணி இன்னும் வேகமாக இறங்கும். இறுக்கிப் பிடிக்கும் கட்டுக்கு எடை நிம்பில்தான் இருக்க வேண்டும். நடுவில் குண்டு இருந்தால் நூல் அங்கே மடிந்து, நிம்போடு இருக்கும் நேர்த் தொடர்பு கெட்டுவிடும். ஸ்டீல்ஹெட்டுக்கு 3.5 முதல் 4.5 மி.மீ. மணி, நம் ஓடைக்கு 2.5 அல்லது 3 மி.மீ.

செங்குத்துக் கட்டில் ஈயக்குண்டு பரவாயில்லை, சில நேரம் அதுவே மேல். எடையில்லாத முட்டை வடிவ ஃப்ளையும் சிறு நிம்பும் குண்டுக்குப் பின்னால் மிதந்து இயல்பாக ஆடும். குண்டை டிப்பெட்டில் நேரே நசுக்கிப் பொருத்த வேண்டாம், அந்த இடத்தில் நூல் காயப்படும். நிம்புக்கு ஒரு அடி மேலே, இரு நூலைச் சேர்க்கும் சர்ஜன் முடிச்சைப் போட்டு, அதில் மிஞ்சும் வாலை இரண்டு அங்குலம் விட்டு, அந்த வாலின் நுனியில் ஒரு முடிச்சு இட்டுக் குண்டை அதில் மாட்டுங்கள். குண்டு கல்லிடுக்கில் சிக்கினால் இழுக்கும்போது அது மட்டும் கழன்றுவிடும், நிம்ப் கைக்கு வரும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகளுக்குத் தடை உண்டு. தகரத்தில் செய்த குண்டுகளை வாங்கிப் பழகுவது நல்லது. நம் ஓயாக்களிலும் ஈயத்தைப் போட்டுவிட்டு வர யாருக்கும் அவசியமில்லை.

எடை சரியா என்று எப்படித் தெரியும்? ஓட்டத்தில் இடையிடையே தரையைத் தொட வேண்டும். ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொண்டால் குறையுங்கள். ஃப்ளையை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றிப் பார்ப்பது எப்போதும் முதல் வேலை.

ஒரு நிம்பா, இரண்டா?

இரண்டு போட்டால் எது பிடிக்கும் என்று சீக்கிரம் தெரியும். இரண்டாவதை முதல் கொக்கியின் வளைவில் கட்டுவது சுலபம், ஆனால் பெரிய மீன் முதல் நிம்பைக் கவ்வியிருக்கும்போது கீழே தொங்கும் இரண்டாவது கொக்கி அதன் உடம்பில் குத்துகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. சர்ஜன் முடிச்சின் வாலை ஐந்து, ஆறு அங்குலம் விட்டு மேல் நிம்பை அதில் கட்டுங்கள், ஒன்றரை அடி கீழே கனமான நிம்ப். இரண்டும் தனித்தனியாக ஆடும். இடத்துக்கு இடம் சட்டம் வேறு என்பதையும் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் முள்ளில்லாத ஒற்றைக் கொக்கிக்குத்தான் அனுமதி, ஆகவே அங்கே இந்தப் பேச்சே எழாது.

நம் ஓடைகளில் நான் ஒன்றுதான் போடுவேன். மானாப்புல்லும் தாழ்ந்த கிளைகளும் உள்ள இடத்தில் இரண்டு கொக்கி இரண்டு மடங்கு சிக்கல்.

தங்கூசியா, ஃப்ளோரோகார்பனா?

முழு லீடருக்கும் ஃப்ளோரோகார்பன் வாங்குவது வீண் செலவு. மேல் பாகம் தண்ணீருக்கு வெளியே இருக்கிறது, அங்கே சாதாரணத் தங்கூசி போதும். டிப்பெட்டுக்கு மட்டும் ஃப்ளோரோகார்பன் வாங்குங்கள். அதன் அடர்த்தி சுமார் 1.78, நைலோனுடையது 1.14, அதனால் சீக்கிரம் இறங்கும். ஒளி விலகல் எண் 1.42, தண்ணீரின் 1.33க்கு நைலோனைவிட நெருக்கம் என்பதால் தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். நீரை உறிஞ்சாது, கல்லில் உரசினாலும் சட்டென்று நைந்துபோகாது. நைலோன் நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும். ஆனால் அதற்கு இழுபடும் தன்மை அதிகம், திடீர் ஓட்டத்தின் அதிர்ச்சியைத் தாங்கும், முடிச்சும் சுலபமாக இறுகும். கலங்கிய தண்ணீரில் மீனுக்கு எதுவும் தெரியப் போவதில்லை. அப்போது 10 இறாத்தல் நைலோனே போதும். தெளிந்த, வற்றிய நீரில் 8 இறாத்தல், சில நேரம் 6 இறாத்தல் ஃப்ளோரோகார்பன். ஃப்ளோரோகார்பன் மக்கிப்போக மிக நீண்ட காலம் எடுக்கும், வெட்டிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நூலோடு நூல் சேர்க்க இரண்டு முடிச்சு தெரிந்தால் போதும். தடிப்பு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் தங்கூசிகளைச் சேர்க்க ப்ளட் முடிச்சு. தடிப்பு வேறுபட்டால், அல்லது விரல் விறைத்துப் போனால், மூன்று சுற்றுச் சர்ஜன் முடிச்சு. எதுவானாலும் எச்சில் தொட்டு நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்த நூலை இறுக்கினால் சூடேறி அங்கேயே பலம் போகும். கட்டிய பின் கையில் நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதென்றால் அங்கேயே அறுந்துவிடட்டும்.

யாருக்கு எது

நம் பக்கத்து ஓடைகளில் இறங்கும் தம்பிமாருக்கு என் முடிவு இறுக்கிப் பிடிக்கும் கட்டுதான். நானு ஓயாவோ அம்பேவல பக்கமோ, நல்ல தண்ணீர் பத்துப் பதினைந்து அடிக்குள் இருக்கும். பின்னால் தேயிலைச் செடி, மேலே கிளை, வீச இடமே இருக்காது. தக்கையைச் சுழற்றி வீசினால் முதல் வீச்சு மரத்துக்கு. 20 அடி லீடர் எல்லாம் இங்கே வேண்டாம். 12 இறாத்தல் தங்கூசி எட்டு அடி, சைட்டர் ஒன்றரை அடி, 0.18 மி.மீ. டிப்பெட் நாலு அடி. ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும்போது 0.15 மி.மீ.க்கு இறங்கி, டிப்பெட்டை ஓர் அடி கூட்டுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கி ஓயா கலங்கினால் 0.20 போட்டுக் கனமான மணி. சைட்டருக்கு நிறத் தங்கூசி கிடைக்காவிட்டால் வளையத்துக்கு மேலே ஒரு இழை ஆரஞ்சுக் கம்பளி நூலை முடிந்துவிடுங்கள், அது போதும். எந்த ஓடையில் பிடிக்க அனுமதி உண்டு, யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் இறங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பசிபிக் கரைப் பக்கம் போய் அகலமான ஆற்றில் நிற்கப் போகிறவர் செங்குத்துக் கட்டை எடுங்கள். அங்கே இறுக்கிப் பிடிக்கும் கட்டால் மீன் நிற்கும் இடத்தைத் தொடவே முடியாத நாட்கள் அதிகம்.

என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் 10 அடி, 7ஆம் எண் கம்பு இருக்கிறது. அவன் போகும் ஆறு பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட ஆழம். இறுக்கிப் பிடிக்கும் கட்டை நிரந்தரமாகக் கட்டி வைத்துக்கொள்ளட்டும். தூரத்தில் மீன் நிற்கும் நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். சைட்டர் முனையில் இருக்கும் உலோக வளையத்தில் டிப்பெட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கம்பளித் தக்கையையும் புது டிப்பெட்டையும் கட்டினால் ஓரளவு செங்குத்துக் கட்டு ஆகிவிடும். நீளமான மெல்லிய மேல் பாகத்தால் முப்பது அடிக்கு மேல் வீசுவது கஷ்டம், ஆனாலும் அவன் ஆற்றுக்கு அது எட்டும். வாங்க வேண்டியது 20 இறாத்தல் பழுப்புத் தங்கூசி ஓர் உருண்டை, 15 இறாத்தல் ஒன்று, 12 இறாத்தல் நிறத் தங்கூசி ஒன்று, 8 இறாத்தல் ஃப்ளோரோகார்பன் ஒன்று, 2 அல்லது 3 மி.மீ. உலோக வளையங்கள் ஒரு பாக்கெட். கம்பளி நூலை நான் இங்கிருந்து கொடுத்தனுப்புகிறேன்.